குகைக்கு டிக்கெட் போட்டாங்க, ரமணர் கிளம்பிட்டார்! மைதானம் யாருக்குச் சொந்தம்?

2016 பிப்ரவரி 6. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம், ஆன்ஃபீல்ட் மைதானம். சொந்த அணி 2-0 என முன்னிலையில் இருக்கிறது. எந்த ரசிகராவது அந்த நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போவாரா? அன்று போனார்கள். 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கையை விட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். அடுத்த சீசனுக்கு அதிகபட்ச டிக்கெட் விலையை 77 பவுண்டாக உயர்த்தப்போவதாக கிளப் உரிமையாளர்கள் அறிவித்திருந்ததுதான் காரணம். நம் கணக்கில் அப்போதே 7,000 ரூபாய்க்கு மேல். மிச்சமிருந்த நேரத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை டிரா செய்துவிட்டது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள்.

நமக்கு சீசன் டிக்கெட் என்றதும் தாம்பரம் - பீச் ரயில் பாஸ்தான் ஞாபகம் வரும். கால்பந்து உலகில் அதன் எடை வேறு. ஒரு வருடத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டி, மைதானத்தில் ஓர் இருக்கையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்வது. தாத்தா உட்கார்ந்த வரிசையில் பேரன் உட்காரும் குடும்பங்கள் உண்டு. அதனால்தான் டிக்கெட் விலை ஏறினாலோ, மைதானத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலோ ரசிகர்கள் கொதிக்கிறார்கள். பத்திரம் உரிமையாளர் பெயரில் இருக்கலாம். ஆனால் கூட்டம் வராவிட்டால் அந்த இடத்துக்கு என்ன மதிப்பு?

இதே கேள்வி நூறு வருடங்களுக்கு முன்பே திருவண்ணாமலையில் ஒரு குகை வாசலில் எழுந்திருக்கிறது. அங்கேயும் ஒரு கூட்டம், ஒரு டிக்கெட், ஒரு வெளிநடப்பு. எழுந்து போனது மட்டும் ரசிகர்கள் இல்லை. யாரைப் பார்க்க அவர்கள் வந்தார்களோ, அவரே எழுந்து போனார். அவர் ரமண மகரிஷி. பள்ளிக்கூட நாள்களில் அவரும் கால்பந்து ஆடியவர் என்பது கூடுதல் தகவல்.

மதுரையின் 'தங்கக்கை'

1879 டிசம்பர் 30, திருச்சுழி. சுந்தரம் ஐயர், அழகம்மாள் தம்பதிக்கு இரண்டாவது மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன். அப்பா அந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1892-ல் அவர் இறந்துபோக, குடும்பம் சிதறியது. அண்ணன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த வீடு அது. முதலில் ஸ்காட் மிடில் ஸ்கூல், அப்புறம் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி.

படிப்பில் சுமார். ஒருமுறை கேட்டால் மறக்காத ஞாபக சக்தி இருந்ததால் வண்டி ஓடியது. ஆர்வமெல்லாம் விளையாட்டில்தான். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல், ஓட்டம் என எதையும் விடவில்லை. அவர் எந்தப் பக்கம் ஆடுகிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பதால் 'தங்கக்கை' என்று ஒரு பட்டப்பெயரே வந்துவிட்டது. இன்னொன்றுக்கும் அவர் பிரபலம்: தூக்கம். அவர் மேல் கோபம் உள்ள பையன்கள், விழித்திருக்கும்போது கிட்டே வர பயந்து, தூங்கும்போது தூக்கிப்போய் அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிடுவார்களாம். காலையில் மற்றவர்கள் சொன்னால்தான் அவருக்கே தெரியும்.

1896 ஜூலையில், சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென்று ஒரு மரண பயம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சாகப்போகிறோம் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் ஓடாமல், படுத்து, உடம்பை விறைப்பாக்கி, செத்தால் எது சாகிறது என்று தனக்குள்ளேயே பார்த்தார். அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு அவர் பழைய பையனாக இல்லை. விளையாட்டும் போனது, படிப்பும் போனது. அண்ணன் எரிச்சலாகிக் குத்திக்காட்ட ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். கிளம்பிய விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காலேஜில் தன் சம்பளத்தைக் கட்டச்சொல்லி அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வேங்கடராமன் அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தார். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்ற அளவில் ஒரு கணக்கு. கடிதத்தின் கடைசியில் கையெழுத்து இல்லை, வெறும் கோடு. இந்தக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 42 வருடம் கழித்துத் திரும்ப வரும்.

பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதுப் பாதை போட்டிருப்பது ரயிலில்தான் தெரிந்தது. அங்கே இறங்கினார். கையில் இருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைதான் போதுமானதாக இருந்தது. அப்புறம் நடை. வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதன்பிறகு 54 வருடங்கள், சாகும்வரை அந்த ஊரைத் தாண்டவில்லை.

முதல் வேலி

ஆரம்பத்தில் பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபம். அசையாமல் உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பையன் மேல் தெருப்பையன்கள் கல் எறிந்தார்கள். தப்பிக்க, பாதாள லிங்கத்தின் இருட்டறைக்குள் போனார். அங்கே பூச்சிகள் தொடையைத் தின்றன. சேஷாத்ரி சுவாமிகள் போன்ற சிலர்தான் அவரைக் காப்பாற்றப் பார்த்தவர்கள்.

1897-ல் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற இடத்துக்குப் போனபோது நிலைமை தலைகீழ். இப்போது கூட்டம். பேசாத, கண் திறக்காத இளைஞனைப் பார்க்க நாளுக்கு நாள் ஆள்கள் பெருகினார்கள். தொட்டுக் கும்பிட முண்டியடித்ததால் சுற்றிலும் மூங்கில் வேலி போட வேண்டியதாயிற்று. அவர் வாழ்க்கையில் கூட்டத்துக்கும் அவருக்கும் நடுவே வந்த முதல் தடுப்பு இதுதான். அங்கே இருந்த தம்பிரான் ஒருவர், கோயில் சிலைக்குச் செய்வதுபோல அவருக்கு அபிஷேகம் செய்யத் தயாரானார். சாப்பாடு ஒன்றே போதும் என்ற பொருளில் சுவரில் கரியால் எழுதிக் காட்டித் தடுத்தார். அப்போதுதான் சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று ஊருக்கே தெரிந்தது. தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருவர் விடாப்பிடியாகக் கேட்க, பெயரையும் ஊரையும் எழுதினார். விஷயம் மதுரை வரை போனது. 1898 கடைசியில் அம்மா வந்து அழுது கூப்பிட்டும் அவர் திரும்பிப் போகவில்லை.

குகை வாசலில் வசூல்

1899 வாக்கில் மலைமேல் விருபாட்ச குகைக்குக் குடிபோனார். கிட்டத்தட்ட 17 வருடம் அங்கேதான். விருபாட்ச தேவர் என்ற பழைய துறவியின் சமாதி உள்ள குகை. கீழே ஊருக்குள் அவர் பெயரில் இருந்த மடத்துக்குத்தான் குகை சொந்தம். கார்த்திகை தீபத்துக்குக் குகையைப் பார்க்க வருபவர்களிடம் மடத்துக்காரர்கள் சின்னதாக ஒரு கட்டணம் வாங்குவது வழக்கமாக இருந்தது. ரமணர் போய்ச் சேர்ந்த சமயத்தில் அந்த வசூல் நின்றிருந்தது. காரணம் பெருந்தன்மை இல்லை. மடம் யாருக்கு என்று இரண்டு தரப்பு கோர்ட்டில் மோதிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு முடிந்தது. ஜெயித்த தரப்பு திரும்ப வசூலைத் தொடங்கியது. ஆனால் இதற்குள் ஒன்று மாறிவிட்டது. முன்பு தீபத்துக்கு மட்டும் வந்த கூட்டம், இப்போது வருடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. அவர்கள் குகையைப் பார்க்க வரவில்லை. உள்ளே இருந்தவரைப் பார்க்க வந்தார்கள். ஆக, குகைக்கான கட்டணம் ரமணரைப் பார்ப்பதற்கான டிக்கெட்டாக ஆகிப்போனது.

ரமணர் சண்டை போடவில்லை. எழுந்து வெளியே வந்து, குகைக்கு எதிரே சமதளமாக இருந்த இடத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். வெளியே உட்கார்ந்தவரைப் பார்க்க எதற்குக் காசு?

வசூல் செய்தவர் லேசுப்பட்டவர் இல்லை. தன் வசூல் எல்லையை நகர்த்தி, மரத்தடிக்கு வரும் வழியையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். (மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நின்று பார்ப்பவனிடமும் டிக்கெட் கேட்பது மாதிரி.) ரமணர் மறுபடி எழுந்தார். இந்தமுறை கீழே இறங்கி சத்குரு சுவாமி குகைக்குப் போனார். அங்கே கொஞ்ச நாள், பிறகு வேறொரு குகை. கூட்டமும் கூடவே போய்விட்டது. விருபாட்ச குகை வாசலில் ஈ ஆடவில்லை. மடத்துக்காரர்களுக்குப் புரிந்தது: சாமிக்குத் தொந்தரவு கொடுத்ததுதான் மிச்சம், கல்லாவில் ஒன்றும் விழவில்லை. திரும்பி வரும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் இருக்கும்வரை குகைக்குக் கட்டணம் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ரமணர் திரும்பினார்.

இந்தச் சம்பவத்தைப் பல வாழ்க்கை வரலாறுகள் அவருடைய எளிமைக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. எனக்கு அது போதவில்லை. சட்டப்படி மடத்தின் மேல் தப்பே இல்லை. இடம் அவர்களுடையது, கோர்ட்டும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது, வழக்கமும் பழையது. ரமணரும் அந்த உரிமையை மறுக்கவில்லை. இடம் உங்களுடையது, கூட்டம் உங்களுடையதில்லை என்பதைத்தான் ஒரு வார்த்தை பேசாமல் காட்டினார்.

2002-ல் லண்டனின் விம்பிள்டன் கிளப் கதையில் இதே கணக்கு எதிர்ப்பக்கமாக நடந்தது. கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் கூடப் போகவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கிளப்பைத் தாங்களே ஆரம்பித்தார்கள். பூங்காவில் ஆள் தேர்வு வைத்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறிவந்து, 2020 நவம்பரில் தங்கள் பழைய பேட்டையான பிளவ் லேன் தெருவிலேயே புது மைதானம் கட்டித் திரும்பினார்கள். அங்கே கிளப் போனது, கூட்டம் நின்றது. இங்கே ஆள் நகர்ந்தார், கூட்டமும் நகர்ந்தது. இரண்டிலும் வெறும் இடத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்தான் கையைப் பிசைந்தார்கள்.

விருபாட்ச குகைக் காலத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. சாமியின் அன்பர்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். யார் நிஜமான ஆள், யார் பெயரைச் சொல்லிச் சாப்பாடு வாங்குபவர் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. போகும்போது பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று அன்பர்கள் கேட்டதில் பிறந்ததுதான் அருணாசல அட்சரமணமாலை. ஒரு கூட்டத்துக்கு அடையாளமாகப் பாட்டு இருப்பது ஆன்ஃபீல்டில் மட்டும் நடக்கிற சமாசாரம் இல்லை.

கீழே இறங்கியது எப்படி?

1916-ல் இன்னும் மேலே இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார். கந்தசாமி என்ற அன்பர் மலைச்சரிவைத் திருத்திக் கட்டிய இடம். அம்மா அழகம்மாளும் கூடவே வந்து தங்கினார். தம்பி நாகசுந்தரமும் துறவியாகி நிரஞ்சனானந்தர் ஆனார். எல்லோருக்கும் அவர் சின்னசாமி. 1922 மே 19 அன்று அம்மா இறந்தார். மலையடிவாரத்தில், தென்பக்கம், பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் சமாதி வைத்தார்கள். ரமணர் தினமும் இறங்கிவந்து போய்க்கொண்டிருந்தார். அந்த வருடக் கடைசியில் ஒருநாள் வந்தவர், திரும்ப ஏறவில்லை.

இப்போது செங்கம் ரோட்டில் நாம் பார்க்கும் ரமணாசிரமம், அன்றைக்கு ஒரே ஒரு கீற்றுக் கொட்டகை. சுற்றிலும் காடு. 1924 ஜூன் 26 ராத்திரி திருடர்கள் வந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்ததோ சில ரூபாய். ஆத்திரத்தில் திருடர்கள் ரமணரின் தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடர்களை அவர் தடுத்துவிட்டார்.

கொட்டகை ஹாலானது. 1930-களில் வெளிநாட்டுக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். பால் பிரண்டன் 1934-ல் எழுதிய புத்தகம் ஐரோப்பாவில் விற்றுத்தள்ள, இந்தக் கூட்டம் இன்னும் பெருகியது. சமையலறை, கோசாலை, வைத்தியசாலை, புத்தகக் கடை எல்லாம் வந்தன. இடத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கோர்ட் ஆசிரமத்துக்கு வந்தது

ஸ்கந்தாசிரமக் காலத்தில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் பெருமாள்சாமி. அடிவாரத்துக்கு வந்த பிறகு பொறுப்பு சின்னசாமியின் கைக்குப் போனது. பெருமாள்சாமிக்கு அது பொறுக்கவில்லை. நிர்வாக உரிமை தனக்குத்தான் என்று வழக்குப் போட்டார். அவர் தரப்பில் ஒரு கூர்மையான கேள்வி இருந்தது: ரமணர் துறவி என்றால் அவருக்குச் சொத்து எப்படி இருக்க முடியும், தம்பி என்ற உறவுக்கு என்ன மதிப்பு?

கொஞ்சம் யோசித்தால் இது இன்றைய கிளப் பிரச்னைகள் மாதிரிதான். ஒரே இடத்தின் மேல் மூன்று வகை உரிமைகள் மோதுகின்றன. நிலம் யார் பெயரில் என்பது ஒன்று. தினசரி சாவி யார் கையில் என்பது இரண்டாவது. தலைமுறையாக வந்துபோகிறவர்களுக்கு உள்ளே வர உரிமை உண்டா என்பது மூன்றாவது. கொல்கத்தா மைதானத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கிளப் கட்டடம், கேலரி, உறுப்பினர் அட்டை எல்லாம் இருக்கின்றன. நிலம் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி கோர்ட் தெளிவாகச் சொல்லிவிடும். மூன்றாவதுதான் எப்போதும் சிக்கல்.

1936 நவம்பரில் ரமணரை விசாரிக்க கமிஷன் ஆசிரமத்துக்கே வந்தது. அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்வி வந்தது. அதாவது பிரம்மசாரியா, இல்லறத்தாரா, வானப்பிரஸ்தரா, சந்நியாசியா? நான்குக்கும் அப்பாற்பட்ட அதியாசிரமி என்று பதில் சொன்னார். முறைப்படி யாரிடமும் சந்நியாசம் வாங்காதவர் அவர். அதனால் துறவிக்குச் சொத்து கூடாது என்ற விதி தன்னைக் கட்டாது என்பது அதன் சட்டப் பொருள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், சொத்து வைத்துக்கொள்ளத் தனக்குத் தடையில்லை என்று சாட்சி சொல்ல நேர்ந்தது. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. குகைக் காலத்து ரமணராக இருந்தால் எழுந்து மலை ஏறியிருப்பார் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் இப்போது அவருக்கு வயது 56. அவரை நம்பி ஒரு ஊரே அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஓரிரு முறை கிளம்பப் பார்த்தும் அன்பர்கள் விடவில்லை.

வழக்கால் நிர்வாகம் மாறவில்லை. சின்னசாமியே தொடர்ந்தார். ஆனால் ரமணருக்குப் பிறகு என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. 1938 மார்ச்சில் உயில் எழுதப்பட்டது. ஆசிரம நிர்வாகம் தம்பிக்கு, அவருக்குப் பிறகு தம்பியின் வாரிசுகளுக்கு என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ரமணர் ஒரு கோடு இழுத்தார். மதுரையில் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் இருந்த அதே மாதிரி கோடு.

இந்த உயிலை எப்படிப் பார்ப்பது? ரசிகர்களே கிளப்பை நடத்த வேண்டும் என்கிறவர்கள், வாரிசு முறையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சின்னசாமியின் கெடுபிடி பற்றி அன்றைய அன்பர்களின் நினைவுக் குறிப்புகளில் ஏகப்பட்ட புலம்பல் உண்டு. மறுபக்கம், குரு போன பிறகு சீடர்களுக்குள் கோர்ட் கேஸ் நடந்தே காணாமல்போன மடங்கள் இந்த நாட்டில் எத்தனையோ. ஆசிரமம் துண்டு துண்டாகாமல் நின்றதற்கு அந்தக் கோடும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே 1938 மே மாதம் இன்னொரு கமிஷன் வந்தது. இந்தமுறை ஆசிரமத்துக்காக இல்லை, மலைக்காக. மலை கோயிலுக்குச் சொந்தமா, அரசின் வனத்துறைக்கா என்று வழக்கு. கோயில் தரப்பு சாட்சியாக ரமணரை விசாரித்தார்கள். மலையே சிவன் என்பதுதான் இங்குள்ள மரபு என்பதை அவர் எடுத்துச் சொன்னார். தனக்கென்று ஒரு அடி நிலம் கேட்காதவரிடம் இரண்டு வருடத்துக்குள் இரண்டு நில வழக்குகளுக்குச் சாட்சியம் வாங்கியிருக்கிறார்கள்.

பூட்டிய கதவுக்கு எந்தப் பக்கம்?

உயில் எழுதியதால் ரமணர் நிர்வாகத்தின் ஆளாக மாறிவிட்டார் என்று நினைத்தால் தப்பு. சாப்பாட்டில் தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கோபப்படுவார். தன் பெயரைச் சொல்லி நன்கொடை கேட்கப் போவது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1940-களில் அவர் உடம்பு தளர்ந்தபோது, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் யாரும் ஹாலுக்குள் வரக்கூடாது என்று நிர்வாகம் விதி போட்டது. நல்ல எண்ணத்தில் போட்டதுதான். அன்று மத்தியானம் பார்த்தால் ரமணர் ஹாலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். தடை வருகிறவர்களுக்குத்தானே, தான் வெளியே போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்பது அவர் கட்சி. நாற்பது வருடத்துக்கு முன்பு மரத்தடியில் செய்த அதே வேலை.

அம்மாவின் சமாதிமேல் கோயில் எழுப்பும் பணி 1939-ல் தொடங்கி, 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. முன்னால் கருங்கல்லில் புது ஹால். இவ்வளவு பெரிய மண்டபத்தைப் பார்த்தால் ஏழை ஜனங்கள் உள்ளே வரத் தயங்க மாட்டார்களா என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

அதற்குள் இடது கையில் கட்டி வந்துவிட்டது. புற்று. நான்கு முறை அறுவை சிகிச்சை. பலன் இல்லை. கடைசி நாள்களில் ஒரு சின்ன அறையில் படுத்திருந்தவரைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம். ஓய்வு வேண்டும் என்று டாக்டர்களும் அன்பர்களும் சொன்னாலும், வருகிறவர்களைத் தடுக்க அவர் சம்மதிக்கவில்லை. வாசல் வழியாக வரிசையாக நடந்தபடி பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்தார்கள். 1950 ஏப்ரல் 14, இரவு 8.47. வெளியே அன்பர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன், வானத்தில் ஒரு ஒளி மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்துக் கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டார்.

நட்சத்திரம் போன பிறகு

ஸ்டார் ஆட்டக்காரர் போன கிளப்புக்கு என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. கூட்டம் கரைந்தது. 1950-களில் ஆசிரமத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள்கள். 1953-ல் சின்னசாமியும் இறந்தார். உயிலின்படி அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். ஆர்தர் ஆஸ்போர்ன் போன்ற சிலர் எங்கும் போகாமல் ஒட்டிக்கொண்டார்கள். அவர் 1964-ல் 'தி மௌண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கினார். கூட்டம் மெதுவாகத் திரும்பியது.

இப்போது ரமணாசிரமம் பகுதிக்குப் போனால் அது தனி ஊர். செங்கம் ரோடு முழுக்க கஃபே, புத்தகக் கடை, வாடகை அறை, ஆட்டோ. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான கால்கள். மலை யாருக்கு என்ற சண்டையும் ஓயவில்லை. 2002-ல் அருணாசலேஸ்வரர் கோயிலைத் தொல்லியல் துறை தன் வசம் எடுக்க அறிவிப்பு வந்தபோது ஊரே எதிர்த்தது, இரண்டு வருடத்தில் அது வாபஸ் ஆனது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு உடைந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். மலைமேல் வீடு கட்டியது யார், அனுமதித்தது யார் என்ற கேள்விகள் அதோடு கிளம்பின.

ஆசிரமத்துக்குள் நுழைய இன்றும் டிக்கெட் கிடையாது. தங்குவதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அறைக்கு பில் வராது, விருப்பப்பட்டால் நன்கொடை கொடுக்கலாம். பின்பக்கக் கதவு வழியாக மலைப்பாதையில் ஏறினால் முதலில் ஸ்கந்தாசிரமம். அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் விருபாட்ச குகை. உள்ளே இருட்டு, விளக்கு வெளிச்சம், சமாதி மேடை, சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர். செருப்பை வெளியே விட்டுவிட்டு நேராக உள்ளே போகலாம். வாசலில் யாரும் காசு கேட்பதில்லை.